லாரிக்குத் தெரியாமல் ஒரு டிரைலர்

கொட்டாவிப்பட்டிக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்தார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. எல்லாவற்றையும் நன்றாக யோசித்துத்தான் செய்வார்கள். சுற்றுவட்டாரத்தில் அவர்களைக் கண்டு எல்லோரும் பயந்ததற்கு அதுதான் காரணம்.

கரும்பு ஏற்ற வெளியூர் லாரிகள் அந்த ஊருக்கு வருவதை நிறுத்தியிருந்தன. கடைசியாக வந்த டிரைவர், "சக்கரத்துல எல்லாம் காத்து இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது லாரி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பக்கத்தில் ஊரே நின்றது. "எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டோம். இருந்துச்சுங்க" என்றார்கள்.

அதனால் ஊர்ப் பொதுவில் ஒரு பழைய பட்டாளத்து லாரியை ஏலத்தில் எடுத்தார்கள். பாசிப்பச்சை நிறம், பத்துச் சக்கரம். அதன் மேல் ஏற ஏணி வேண்டும். ஏலம் விட்ட அதிகாரி அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்து, "சாதாரண வண்டின்னு நினைச்சுடாதீங்க. பீரங்கி இழுத்த வண்டி" என்று சொல்லி அனுப்பினார்.

லாரி வந்த அன்று அதிகம் சந்தோஷப்பட்டவள் செங்கமலம். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து அவள் கரும்பை வெட்டி வரப்போரம் அடுக்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய ஆலை இந்தப் பருவத்துக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் கரும்பு போய்ச் சேர்ந்தால் அவள் வீட்டுக் கூரைக்கு ஓடு வரும். போகாவிட்டால் இன்னொரு மழைக்காலமும் பழைய கூரைதான். அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்தால் வானம் முழுசாகத் தெரியும். மழை பெய்யும்போது அவளும் புருஷனும் வாசலில் போய் நின்று நனைவார்கள். உள்ளே நின்று நனைந்தால் வீடு ஈரமாகிவிடும் அல்லவா?

வெட்டிய கரும்பில் சாறு வற்றுகிறதா என்ற கவலையில் தினமும் காலையில் ஒரு கழியை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். சாறு இருக்கும். நிம்மதியாகத் துப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கழியையும் கடித்துப் பார்ப்பாள்.

"லாரிதான் வந்துடுச்சே, நாளைக்கே ஏத்திடலாமா தலைவரே?" என்று கேட்டாள்.

ஊர்த்தலைவர் அய்யாக்கண்ணு திடுக்கிட்டுப் போனார். "எது மேல ஏத்துறது?"

"லாரி மேலதான்."

"அது இழுக்கிற வண்டின்னு அதிகாரியே சொல்லியிருக்காரும்மா. உழவு மாடு இழுக்கும். அதுக்காக அது முதுகுல மூட்டையை ஏத்துவியா?"

பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த தாண்டவன் தலையாட்டினான். ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் தாண்டவனிடம்தான் போவார்கள். கண்ணை மூடி யோசிப்பான். சில சமயம் யோசனை முடிந்த பிறகும் திறக்க மாட்டான், தட்டி எழுப்ப வேண்டும்.

"அதுவும் பீரங்கி இழுத்த மாடு" என்றான் தாண்டவன்.

செங்கமலத்துக்கு வெட்கமாகிவிட்டது. அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகத் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

ஆக, லாரிக்குப் பின்னால் மாட்ட ஒரு வண்டி வேண்டும். முதலில் தாண்டவனின் மாட்டு வண்டியை மாட்டினார்கள். மாடு இல்லாமல் மாட்டு வண்டி எப்படிப் போகும் என்று மாட்டையும் சேர்த்தே பூட்டினார்கள். லாரியை ஓட்டியவர் வீராசாமி. பட்டாளத்தில் பல வருஷம் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாரி நிறைய ஆள் வந்தால் எத்தனை படி அரிசி போட வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால் லாரியைப் பற்றி ஊரில் அவரைவிட விவரம் தெரிந்தவர் கிடையாது.

லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. புகை நேராக மாடுகளின் முகத்தில் அடித்தது. மாடுகள் கொஞ்ச தூரம் பொறுமையாக ஓடின. பிறகு இது சரிப்படாது என்று முடிவெடுத்து உட்கார்ந்துவிட்டன. கயிறு அறுந்தது. வீராசாமி அடுத்த ஊர் வரை போய்விட்டு வந்து, "ரொம்ப நல்ல வண்டி தாண்டவா. இழுக்கிறதே தெரியல" என்றார்.

இனி வெளியில் விசாரித்தால்தான் ஆகும் என்று வியாழக்கிழமை காலை டவுனுக்குக் கிளம்பினார்கள். அங்கே பட்டறை வைத்திருந்த உசேன் பாயிடம் பழைய டிரைலர்கள் நின்றன. வீராசாமி லாரியை ஓட்ட, மற்றவர்கள் அதன் பின்னாலேயே நடந்து வந்தார்கள். இழுக்கிற வண்டியில் ஏறக் கூடாதே. செங்கமலமும் ஒரு கரும்புக் கழியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வழியில் சாறு வற்றினால் தெரிய வேண்டும் என்று.

பாய் லாரியைச் சுற்றி வந்தார். "இதோட எடை என்ன? டிரைலரும் சரக்கும் சேர்ந்து லாரி எடையில பாதிக்கு மேல போகக் கூடாது. பக்கத்துல எடைமேடை இருக்கு, போய்ப் போட்டுட்டு வாங்க."

போனவர்கள் நெடுநேரம் வரவில்லை. எடைமேடையில் லாரியின் முன்சக்கரங்கள் மட்டும் நின்றன.

"முழுசா ஏத்துங்கய்யா" என்றான் எடைமேடைக்காரன்.

"முழுசு எதுக்கு? எங்களுக்குப் பாதிதான் வேணும்" என்றார் தலைவர்.

தாண்டவன் கண்ணை மூடினான். "தலைவரே, எந்தப் பாதின்னு பாய் சொல்லலையே. முன்பாதியா, பின்பாதியா?"

பின்பாதியையும் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டும் வேறு வேறு எடையாக இருந்தது.

"பார்த்தியா, ஏமாந்திருப்போம்" என்றார் தலைவர். "நீளத்துல பாதின்னு மட்டும் யார் சொன்னது? அகலத்துல பாதியா இருந்தா?"

இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்ற, லாரி சாய்ந்துகொண்டு நின்றது. எடைமேடைக்காரன் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டான். சன்னல் வழியாகக் கேட்டு எடையைத் தெரிந்துகொண்டு பட்டறைக்குத் திரும்பினார்கள்.

"மூணு பாதி கிடைச்சிருக்கு பாய்" என்றார் தலைவர். "முன்பாதி, பின்பாதி, இடப்பக்கத்துப் பாதி. உங்களுக்கு எது வசதி?"

பாய் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார்.

"சரி, பிரேக் எப்படி இருக்குன்னு பார்ப்போம். லாரியைக் காலியா ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

உடனே எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். மேலே மூடியிருந்த தார்ப்பாயை இறக்கினார்கள். தண்ணீர்க் கேனை இறக்கினார்கள். பின்கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். கடைசியாக வீராசாமியையும் இறக்கினார்கள். எல்லோரும் தள்ளி நின்று லாரியைப் பார்த்தார்கள்.

"ம், போகட்டும்" என்றார் தலைவர்.

லாரி போகவில்லை.

"டிரைவர் ஏறணும்யா" என்றார் பாய்.

"டிரைவர் ஏறினா அப்புறம் காலி எப்படி பாய் ஆகும்?" என்று வீராசாமி வருத்தத்தோடு கேட்டார். "நான் எழுபத்தெட்டு கிலோ."

பாய் எழுந்து பிரேக்கைத் தானே பார்த்துவிட்டு வந்தார். "நல்லாத்தான் இருக்கு. டிரைலர் பாருங்க. எது பிடிச்சிருக்கு?"

மூன்று டிரைலர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒன்று நீளமான தட்டு டிரைலர்.

"இது வேண்டாம்" என்றான் தாண்டவன். "லாரி ஊருக்குள்ள போன பிறகும் இதோட வால் டவுன்லயே நிக்கும். டீ குடிக்கிறவன் எல்லாம் உக்காந்துக்குவான்."

இன்னொன்று தண்ணீர்த் தொட்டி வைத்தது. வீராசாமிக்குப் பிடித்திருந்தது. வழியில் தாகம் எடுத்தால் லாரி திரும்பிக் குடித்துக்கொள்ளும் என்றார். கரும்பைத் தொட்டியில் எப்படிப் போடுவது என்று செங்கமலம் கேட்டாள்.

"கடிச்சுச் சாறாப் போடலாம்" என்றார் தலைவர். செங்கமலம் ஒரு கணம் யோசித்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

மூன்றாவது, டிராக்டருக்கு மாட்டுகிற சின்னச் சிவப்பு டிரைலர். அவள் கரும்பு அதற்குச் சரியாக இருக்கும். "இது நல்ல டிரைலரா பாய்?" என்று கேட்டாள்.

"தங்கம் மாதிரி டிரைலரும்மா. பின்னால ஒண்ணு வருதுன்னே லாரிக்குத் தெரியாது" என்றார் பாய். "ஆனா உங்க கொக்கி நெஞ்சு உயரத்துல இருக்கு, இதோட வளையம் முழங்கால் உயரத்துல இருக்கு. ரெண்டும் ஒரே மட்டத்துக்கு வரணும். இருங்க, சாப்பிட்டு வந்து ஒரு வழி பண்றேன்." பாய் வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் தலைவர் எல்லோரையும் பட்டறையின் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"கேட்டீங்களா? பின்னால டிரைலர் வர்றது லாரிக்குத் தெரியக் கூடாதாம்."

"தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றாள் செங்கமலம்.

"பீரங்கி இழுத்தது. கரும்புன்னு தெரிஞ்சா ரோஷம் வராதா?"

செங்கமலம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். நாளைக்குப் பொழுது சாய்ந்தால் ஆலை மூடிவிடும். அந்த நேரம் பார்த்து லாரிக்கு ரோஷம் வந்தால் ஓடு எங்கிருந்து வரும்? அவளே ஓடிப்போய்த் தன் துண்டை இரண்டாகக் கிழித்து லாரியின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கட்டினாள். போகிற போக்கில் லாரியைப் பார்த்துச் சிரித்தும் வைத்தாள், சந்தேகம் வராமல் இருக்க.

அடுத்து மட்டம். கொக்கி நெஞ்சு உயரம் என்று பாய் சொன்னதால், நெஞ்சு ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி லாரியை உள்ளே இறக்குவது என்று முடிவானது. கொட்டாவிப்பட்டிக்காரர்களுக்கு யோசிப்பதுதான் கஷ்டம். மண் வெட்டுவது தண்ணீர் பட்ட பாடு. பட்டறை வாசலில் லாரி நீளத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நெஞ்சுக்கு மேலும் ஒரு முழம் ஆழமாக்கினார்கள். முன்பக்கம் ஏறி இறங்கச் சரிவு விட்டார்கள். வீராசாமி லாரியைப் பின்னோக்கி இறக்கினார். லாரி உள்ளே போய் நின்றபோது அதன் தளமும் பட்டறைத் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தன. கொக்கி எங்கோ கீழே போய்விட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"இப்ப டிரைலரைத் தள்ளிட்டு வரணும். சத்தம் வரக் கூடாது" என்றார் தலைவர். "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. நாம பார்த்துக்கிட்டே தள்ளினா நம்ம முகத்துல தெரிஞ்சிடும்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார்கள். டிரைலர் மெல்ல நகர்ந்தது. பிறகு சீக்கிரமாக நகர்ந்தது. பிறகு கைக்கு அகப்படவில்லை. எங்கோ இரும்பும் இரும்பும் இறுகும் சத்தம் ஒன்று கேட்டது.

"மாட்டிக்கிச்சு" என்று தலைவர் கிசுகிசுத்தார். "வீராசாமி, எடு."

லாரி சரிவில் ஏறி வெளியே வந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். லாரிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பள்ளத்தில் இறங்கித் தேடினார்கள். லாரிக்கு அடியில் படுத்துத் தேடினார்கள். தாண்டவன் மண் குவியலைக்கூடக் கிளறிப் பார்த்தான்.

செங்கமலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடினால் துண்டு கண்ணாடியில் இருந்தது. அதை எடுக்க ஏணியில் ஏறினாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"தலைவரே, இங்க இருக்கு."

"எங்க?"

"லாரி மேல. உள்ள உக்காந்திருக்கு."

சின்னச் சிவப்பு டிரைலர் லாரியின் தளத்தில் வசதியாக நின்றது. வளையத்தோடு நீட்டிக்கொண்டிருந்த அதன் இழுகம்பி லாரியின் முன்பக்கச் சட்டத்தில் நுழைந்து ஆட்ட முடியாதபடி சிக்கியிருந்தது. எல்லோரும் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். தாண்டவன் கண்ணை மூடினான். அன்றைக்கு அவன் யோசித்ததைப்போல் என்றைக்கும் யோசித்ததில்லை.

"தலைவரே" என்றான் கடைசியில். "பின்னால டிரைலர் வருதுன்னு நமக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியலை."

"கண்ணு இருக்கிற நமக்கே தெரியலைன்னா, கண்ணைக் கட்டின லாரிக்கு எப்படித் தெரியும்? இதுதாங்க பொருத்தமான டிரைலர்."

பாய் சாப்பிட்டுத் திரும்பி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டறைக்குள் எப்படிப் போவது என்று பள்ளத்தைச் சுற்றி வழி பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஏணி போட்டுக் கரும்பை ஏற்றினார்கள். ஒவ்வொரு கட்டாக டிரைலரில் அடுக்கினார்கள். ஒரு கட்டு கை தவறி லாரியின் தளத்தில் விழுந்துவிட்டது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வீராசாமி ஓடிப்போய் லாரியின் முகத்தைப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. செங்கமலம் சட்டென்று கட்டைத் தூக்கி டிரைலரில் வைத்து, விழுந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பாடு. வீராசாமி ஒவ்வொரு வளைவிலும் லாரியை நிறுத்தி, இறங்கி முன்னால் போய் அதன் முகத்தைப் பார்த்தார். கரும்பின் மேல் உட்கார்ந்திருந்த செங்கமலம் ஒவ்வொரு தடவையும் கழுத்தை நீட்டிக் கேட்டாள்.

"தெரிஞ்சுகிச்சா அண்ணே?"

"இல்லம்மா. வேற ஏதோ நினைப்புல இருக்கு."

"பொழுது இறங்குதுண்ணே."

"சத்தமாப் பேசாத."

ஆலை வாசலுக்குப் போனபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. காவல்காரர் ஒரு கதவைச் சாத்திவிட்டு அடுத்த கதவில் கை வைத்திருந்தார். உள்ளேயிருந்து வந்த எடைக் குமாஸ்தா லாரியை அண்ணாந்து பார்த்தார். லாரி மேல் டிரைலர், டிரைலர் மேல் கரும்பு, கரும்பு மேல் செங்கமலம்.

"ஏம்மா, டிரைலரை எதுக்கு லாரி மேல வெச்சிருக்கீங்க?"

செங்கமலம் விரலை உதட்டில் வைத்தாள். கரும்பின் மேல் குப்புறப் படுத்து, குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பின்னால வெச்சா லாரிக்குத் தெரிஞ்சிடுங்க."

குமாஸ்தா காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர், "கொட்டாவிப்பட்டி சார்" என்றார். குமாஸ்தா உடனே கதவைத் திறக்கச் சொன்னார். அந்தப் பருவத்தின் கடைசிக் கரும்பு செங்கமலத்தினுடையது. நிறைய கழிகளில் பல் பட்டிருந்தாலும் சாறு நன்றாகவே இருந்தது.

செங்கமலத்தின் வீட்டுக்கு ஓடு வந்தது. முதல் மழைக்கு வாசலுக்குப் போய் நின்றவர்கள், பிறகுதான் ஞாபகம் வந்து உள்ளே போனார்கள்.

இந்த வெற்றிக்குப் பிறகு ரேஷன் கடை வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். லாரிக்கு மாலை போட வேண்டும் என்றார் வீராசாமி.

"இருங்க" என்றான் தாண்டவன். "கரும்பைச் சுமந்தது எது?"

"டிரைலர்" என்றாள் செங்கமலம்.

"லாரி மேல ஒரு கட்டாவது இருந்துச்சா?"

"ஒண்ணு விழுந்துச்சு. உடனே எடுத்துட்டேன்."

"சரி, லாரி எதையாவது இழுத்துச்சா? பின்னால ஏதாவது வந்துச்சா?"

எல்லோரும் யோசித்தார்கள். பின்னால் ஒன்றுமே வரவில்லை. அதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

"இழுக்கவும் இல்ல, சுமக்கவும் இல்ல" என்றான் தாண்டவன். "டிரைலர் கரும்பையும் சுமந்துக்கிட்டு ஆலைக்குப் போயிருக்கு. லாரி சும்மா கூடப் போய் வேடிக்கை பார்த்துட்டு வந்திருக்கு. அதுக்குப் போய் டீசல் ஊத்திக்கிட்டு இருக்கோம்."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாளே சிக்கியிருந்த டிரைலரை எல்லோருமாகச் சேர்ந்து பிடுங்கிக் கீழே இறக்கிவிட்டு, லாரியை டவுனுக்குக் கொண்டுபோய் உசேன் பாயிடமே விற்றுவிட்டார்கள். மாலை டிரைலருக்குப் போடப்பட்டது.

அடுத்த பருவம் வந்தது. செங்கமலம் கரும்பை வெட்டி டிரைலரில் ஏற்றினாள். இந்தத் தடவை வீட்டுக்குக் கதவு போட வேண்டும். டிரைலரை ஆலை இருக்கிற திசையைப் பார்த்து ரோட்டில் நிறுத்தினார்கள். தலைவர் கரும்பின் மேல் ஏறி உட்கார்ந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். டிரைலர் போகவில்லை. மத்தியானமும் ஆகிவிட்டது.

தாண்டவன் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தான். தட்டி எழுப்பியதும் சொன்னான். "முன்னால லாரி இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் தனியாப் போகப் பயப்படுது."

அதற்கும் வழி இருந்தது. டிரைலருக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டுப் பச்சைப் புடவை ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு, கையில் சல்லடையைக் கொடுத்து வீராசாமியை உட்கார வைத்தார்கள். அவர் சல்லடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். சத்தம் மட்டும்தான் பாக்கி. கரும்பு அவளுடையது என்பதால் அந்தப் பொறுப்பு செங்கமலத்துக்கு வந்தது. அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, "டுர்ர்ர்ர்" என்று ஆரம்பித்தாள். டிரைலருக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று நடுவில் இரண்டு முறை கியர்கூட மாற்றினாள்.

மேலேயிருந்து தலைவர் கரும்பை இறுகப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா செங்கமலம். முன்னால வளைவு வருது."